பட்டனக்கா மகளுக்குக் கணக்கு வராது

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். அப்பாவின் வேனும் சுகம், அதன் இருமல்தான் நிற்கவில்லை. உன் சுகத்தை உடனே எழுதவும். முதுகுவலியை மறைக்காமல் எழுதச் சொன்னாள் அம்மா.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். நம் வீட்டில் போன் அடித்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். வேனில் பள்ளிப் பிள்ளைகள் போடும் கூச்சலில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. நான் உன்னிடம் ஒரு ரகசியம் சொன்னால் மறுநாள் எதிர்வீட்டு வங்கிக்காரர் அதற்கு யோசனை சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று வகுப்பாசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தைச் சொன்னார்கள். நான் மட்டும் வெளிமாநிலம் என்றேன், நீ வேலை பார்க்கும் ஊரில் இருப்பது. அங்கே புள்ளியியலுக்கென்று தனித் துறையே இருக்கிறதாம். வீட்டில் சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்தேன்.

அம்மா கழுவி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். அப்பா சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அங்க உன்னப் பாத்துக்க யார் இருக்கா, பெரியவதானே? அவ 'வா'ன்னு எழுதட்டும், அனுப்பறேன்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

ஆக என் தலையெழுத்து இப்போது உன் கையில். விண்ணப்பிக்க ஜனவரி கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்து அக்கா. 'வா' என்று எழுதிவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசலிலேயே பழியாய்க் கிடக்கும்,
வாலு

ஆகஸ்ட் 29

அன்புள்ள வாலுவுக்கு,

அக்காவின் அன்பு. பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம். முதுகு வலிக்கிறது, ஆனால் அம்மாவிடம் வலிக்கவில்லை என்று சொல். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், விட்டால் பாதிக் கடையைப் பார்சல் கட்டிவிடுவாள்.

இங்கே தொழிற்சாலையில் மூச்சுவிட நேரமில்லை. சட்டைக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, கோடு போட்டு வெட்டித் தருவது என் வேலை. கோடு கொஞ்சம் தவறினாலும் அத்தனை அடுக்கும் பாழ். எங்கள் மேற்பார்வையாளருக்குக் கடுகு என்று பெயர் வைத்திருக்கிறோம். சூடு பட்டதும் வெடிப்பார். என் அறையில் கூட இருப்பவள் பட்டன் தைக்கும் இயந்திரத்தில் இருக்கிறாள், எல்லோருக்கும் அவள் பட்டனக்கா. தங்கமான மனசு, குறட்டைதான் தாங்காது.

நீ கேட்ட விஷயம். அவசரப்படாதே. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று கேள்விப்படுகிறேன். வீட்டுச் சாப்பாடு, தெரிந்த முகங்கள். வெளிமாநிலம் என்றால் சும்மாவா? நிதானமாக யோசிப்போம்.

இன்னொன்று. பட்டனக்காவின் மகள் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள். உன்னுடைய பழைய கணக்குக் குறிப்புகள் இருந்தால் அனுப்பி வை. பாவம், அடிப்படையே தெரியாது அவளுக்கு. அம்மாவிடம் சொல்ல வேண்டாம், எதற்கு வீண் கேள்வி?

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், இல்லாவிட்டால் ஊரான் வீட்டுப் பிள்ளைக்குக் குறிப்பு கேட்டு எழுத மாட்டாய். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரங்களில் நான் வரைந்த ஆசிரியர்களின் படங்களை அந்தப் பெண் பார்க்காமல் இருப்பது நல்லது.

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதுகிறாய்? கடுகு வந்தார், பட்டன் வந்தது, 'வா' மட்டும் வரவில்லை. கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தேன்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் நல்லதுதான், யார் இல்லையென்றது? ஆனால் அது அப்பாவின் வேன் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கிறது. வகுப்பு ஜன்னலில் பார்த்தால் நம் மாடி தெரியும். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, "ஏய், சாப்பிட்டியா?" என்று கேட்பாள், பேராசிரியர் பதில் சொல்லவேண்டி வரும். எனக்குக் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும் அக்கா. கோபத்தில் இல்லை. நான் யார் என்று தெரியாத ஒரு தெருவில் நடந்து பார்க்க ஆசை. நடந்து முடித்ததும் உன் அறைக்கு வந்து கதையளக்க ஆசை. இதை அப்பாவிடம் சொன்னால் புரியாது, உனக்குப் புரியும்.

யோசித்தாயா? யோசித்தவரை போதும்.

பொறுமை குறைந்த,
வாலு

அக்டோபர் 5

அன்புள்ள வாலுவுக்கு,

அன்பு. சுகம். அம்மா அனுப்பிய தைலம் வந்தது, பட்டனக்கா பாதியைத் தீர்த்துவிட்டாள்.

குறிப்புகள் மிகவும் உதவியாக இருக்கின்றன என்று அந்தப் பெண் சொல்லச் சொன்னாள். அவள் போட்ட கணக்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது திருத்தி அனுப்பு. கொஞ்சம் பார்த்துத் திருத்து, சின்ன மனசு.

நீ இங்கே வருவது பற்றி யோசித்தேன். என் அறை மிகவும் சின்னது. கீழே ஒருத்தி படுத்தால் கதவு திறக்காது. வெயில் காலத்தில் வெயில் அதிகம், குளிர் காலத்தில் குளிர் அதிகம். தண்ணீர் உப்பு, முடி கொட்டும். உனக்கு இருப்பதே கொஞ்சம். மேலும் நான் வேலை முடிந்து திரும்ப நேரமாகிவிடுகிறது, உன்னை யார் கவனிப்பது? உள்ளூரைப் பற்றியும் நினைத்துப் பார். கணக்குகளைச் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

முதலில் உன் செல்லப் பெண்ணின் கணக்கு. யார் பெற்ற பிள்ளையோ, பெற்றவளைக் கும்பிட வேண்டும். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கிறது, உள்ளே போகும்போது குறி மாறவேண்டும் என்று ஒவ்வொரு கணக்கிலும் மறந்துபோகிறாள். பின்னத்தைக் கண்டால் ஓட்டம். திரைச்சீலைக் கணக்கில் ஜன்னல் உயரம் ஒன்றரை மீட்டர், ஜன்னல் எட்டு, துணி எவ்வளவு என்று கேட்டிருக்கிறது. சின்னப் பிள்ளை சொல்லும், பன்னிரண்டு. இவள் பதிமூன்று மீட்டரும் சொச்சமும் என்று எழுதி, பக்கத்தில், 'மேலே மடிக்க, கீழே மடிக்க, துவைத்தால் சுருங்க' என்று விளக்கம் வேறு. இவளை யார் மடிக்கச் சொன்னது? பெரிய சிவப்புப் பெருக்கல் போட்டு, 'கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மக்கு' என்று எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்தச் சொன்னாய், நன்றாகப் பார்த்துத்தான் திருத்தினேன்.

இப்போது என் கணக்கு. வெயில் அதிகம், குளிர் அதிகம், உப்புத் தண்ணீர். வீடு தேடி வந்தவனுக்கு வாடகைக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். உனக்கு நான் அங்கே வருவது பிடிக்கவில்லை. ஏன் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. சின்ன வயசில் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவேன், அப்போதுகூட நீ என்னை உதறியதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடு, அழுதுவிட்டு வேலையைப் பார்க்கிறேன். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அக்கா.

வாலு

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனிலும், "வேலை ஜாஸ்தி" என்று வைத்துவிடுகிறாய். அதனால் நானே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் முன்னறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டோம். அம்மா துணி வாங்கி வந்தாள். வெட்டுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஜன்னலை அளந்தார், துணியை அளந்தார், நூல் பிடித்தமாதிரி சரியாக அதே அளவுக்கு வெட்டினார். நானும் பக்கத்தில் நின்று சரிபார்த்து, பலே என்றேன். அம்மா மேலும் கீழும் மடித்துத் தைத்து மாட்டினாள். இப்போது நம் ஜன்னல் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டு வங்கிக்காரர் தன் நாற்காலியிலிருந்தே நம் காலையெல்லாம் பார்க்கிறார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "மடிக்க விடாம யாராவது வெட்டுவாங்களா? பெரியவ இருந்திருந்தா இப்படி வெட்ட விட்டிருப்பாளா? அவளுக்குக் கையே தன்னால தள்ளி வச்சு வெட்டுமே" என்றாள்.

எனக்கு அந்தத் திரைச்சீலைக் கணக்கு ஞாபகம் வந்தது, பதிமூன்று மீட்டரும் சொச்சமும்.

அக்கா, பட்டனக்காவுக்கு மகள் இருக்கிறாளா?

பதில் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் போய் மக்கு என்று எழுதினேன். அதுவும் சிவப்பு மையில். நினைக்க நினைக்க என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிடு. அம்மாவிடமும் அப்பாவிடமும் மூச்சுவிடவில்லை.

நீ ஏன் என்னை வரச் சொல்லவில்லை என்பதும் இப்போது புரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் குறை சொல்வேன் என்று பயம். நியாயமான பயம். நான் அங்கே விண்ணப்பிக்கவில்லை. நீ நிம்மதியாகப் படி.

உன் தங்கை, அசல் மக்கு,
வாலு

டிசம்பர் 2

என் வாலுவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அரைக்கால் சட்டை ஜன்னலைப் படித்துச் சிரித்தேன், அடுத்த வரியில் அழுதேன். கடுகு பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியாம்மா?" என்று அரை நாள் லீவு கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன்.

பட்டனக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தனக்கு ஒரு மகள் முளைத்ததைக் கேட்டதிலிருந்து, "எம்பொண்ணு இன்னிக்கு என்ன படிச்சா?" என்று தினமும் விசாரிக்கிறாள்.

எங்கள் கம்பெனி பஸ் அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகும். அங்கே மாலை வகுப்பு நடக்கிறது. வேலை விட்டு வருகிறவர்கள் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், என்னைவிட வயசானவர்கள்கூட. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு போனாள். ஐந்து வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு நாள் இறங்கிவிட்டேன். வணிகவியல் சேர நுழைவுத் தேர்வு உண்டு, அதில் கணக்கு உண்டு என்றார்கள். பள்ளியில் கணக்கு என்றாலே நான் ஓடி ஒளிவேன், உனக்குத் தெரியாதா? ஆனால் இப்போது பிடித்திருக்கிறது. தப்புத் தப்பாகப் போடுவதும் பிடித்திருக்கிறது.

நீ குறை சொல்வாய் என்பதற்காக இல்லை. நீயும் இங்கே விண்ணப்பித்து, நீ தேறி, நான் தேறாமல் போனால்? உன் முன்னால் தோற்க எனக்கு வெட்கம். அதனால்தான் வெயில், குளிர், உப்புத் தண்ணீர் எல்லாம். அறைகூட அவ்வளவு சின்னதில்லை.

விண்ணப்பத்தைப் போடு. போடாவிட்டால் உன்னோடு பேச மாட்டேன். ஆனால் ஒன்று, கேவலமாக நினைக்காதே. நான் தேறினால் அப்பாவுக்கு 'வா' என்று எழுதுகிறேன். தேறாவிட்டால் எழுத என்னால் முடியாது. என் புத்தி அப்படி.

அக்கா

டிசம்பர் 15

அன்புள்ள பட்டனக்கா மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இனி உனக்கு நலமாக இருக்க நேரம் இருக்காது.

நிலைமையைச் சொல்கிறேன் கேள். நீ தேறினால்தான் எனக்கு 'வா' வரும். அதாவது, கழித்தல் குறியை மாற்ற மறக்கிற ஒருத்தியை நம்பி என் எதிர்காலம் நிற்கிறது. என் நுழைவுத் தேர்வைவிட உன் பரீட்சைக்குத்தான் எனக்குப் பயம். ஆகவே வாரம் ஒரு கட்டுக் கணக்கு வரும். மறு வாரம் பதில் வரவேண்டும். அழுகை, முதுகுவலி, குறட்டை எதுவும் காரணமாக ஏற்கப்படாது. மக்கு என்று எழுத மாட்டேன். மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடும்போது, "போட்டு வை, பெரியவ இன்னும் எழுதலையே?" என்றார். எழுதுவாள் என்றேன். அக்காவும் தங்கையும் இவ்வளவு தடிமனாக என்னதான் எழுதிக்கொள்கிறோம் என்று அம்மாவுக்குச் சந்தேகம். கவரைத் தூக்கிப் பார்த்து, "அவளுக்கு மாப்பிள்ளை ஏதும் பாத்திருக்காளாடி?" என்று கிசுகிசுத்தாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அம்மா இப்போது ரொம்ப உற்சாகமாக இருக்கிறாள். அதை நீதான் பின்னால் சமாளிக்க வேண்டும்.

கண்டிப்பான,
வாலு

பிப்ரவரி 10

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

சுகம். ஏழாவது கட்டுக்கு விடை இத்துடன். இரண்டு கணக்கு வரவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. பின்னத்தைப் பார்த்து இப்போது ஓடுவதில்லை, மெதுவாக நடந்து விலகுகிறேன்.

இங்கே விஷயம் பரவிவிட்டது. பட்டனக்கா வாயில் எது நிற்கும்? நான் மேசையில் துணி விரிக்க விரிக்க, தையல் வரிசையிலிருந்து பெண்கள் கேள்வி கேட்கிறார்கள். "எண்பதுல பதினஞ்சு சதவீதம் எவ்ளோ?" என்று ஒரு குரல் வரும். பன்னிரண்டு என்று கத்துவேன். சரியா தப்பா என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது, இருந்தாலும் கை தட்டுவார்கள். கடுகு வந்து என்ன சத்தம் என்றார். வெடிக்கப் போகிறார் என்று நின்றோம். நாலு நாள் கழித்துத் தன் பையனுடைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடினமான கணக்குகள் இருந்த பக்கங்களை மட்டும் எனக்காக மடித்து வைத்திருந்தார்.

இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. பயமும் இருக்கிறது. அம்மாவிடம் மாப்பிள்ளை இல்லை என்று சொல்லித் தொலை, நேற்று போனில், "உயரமா?" என்று கேட்கிறாள்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதிவிட்டேன். நன்றாக எழுதினேன் என்று நினைக்கிறேன். பாதியில் உன் ஞாபகம் வந்தது, அதே நேரத்துக்கு நீயும் உன் ஊரில் ஒரு மேசையில் குனிந்து உட்கார்ந்திருப்பாய் என்று. உடனே என் அடைப்புக்குறிகளை எல்லாம் மறுபடி பார்த்தேன், ஒன்றில் குறி மாற்றாமல் விட்டிருந்தேன். உன்னால் தப்பித்தேன்.

நீ எப்படி எழுதினாய்? போனில், "சுமார்" என்றாய். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் மேலே கேட்கவில்லை. அப்பா என்ன சுமார் என்றார், சாப்பாடு என்றேன்.

எழுது.

வாலு

மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் காதும் அம்மாவின் கால்வலியும் எப்படி இருக்கின்றன?

வாலு தேறிவிட்டாள் என்று நீங்கள் போனில் சொன்னபோது தெருவே வாழ்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாலுவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பரவாயில்லை.

நானும் இந்த வருஷம் அதே பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குப் பரீட்சை எழுதினேன் அப்பா. வாலுதான் தபாலில் சொல்லிக் கொடுத்தாள். அம்மா எடை பார்த்த கவரெல்லாம் கணக்கு. மாப்பிள்ளை யாரும் இல்லை, அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மொழித்தாளில் நல்ல மதிப்பெண். கணக்கில் போதவில்லை. தேறவில்லை.

தேறினால்தான் வாலுவை வரச் சொல்வேன் என்று வீம்பு பிடித்திருந்தேன். முடிவு தெரிந்த அன்று பல்கலைக்கழக வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவள் என் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பட்டனக்கா பக்கத்து அறைக்கு மாறிக்கொள்கிறேன் என்றாள். குறட்டையும் கூடவே போகும். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை ஒழித்து வைத்திருக்கிறேன்.

வாலு, இதையும் சத்தமாகப் படி. வா.

உங்கள் அன்பு மகள்

மே 30

பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் சின்னவள் திருத்திவிடுவாள். உன் கடிதத்தை அவள் படித்தாள். கடைசி எழுத்தைப் படிக்க அவளால் முடியவில்லை, அம்மா வாங்கிப் படித்தாள். அதற்குள் எதிர்வீட்டு வங்கிக்காரர் தன் வாசலில் நின்று, "வான்னு எழுதிட்டாளா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றேன்.

சின்னவளை அடுத்த மாதம் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள். மாப்பிள்ளை இல்லை என்றதும் எழுந்து கடைக்குப் போனாள். உனக்கும் சேர்த்து ஒரு புத்தகப்பை வாங்கி வந்துவிட்டாள். பச்சை நிறம்.

பரீட்சை தேறாததற்கு எனக்கு வருத்தம் இல்லை. எங்களிடம் சொல்லாமல் படித்ததற்கு வருத்தம். சொல்லியிருந்தால் அத்தனை மாதமும் நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

வேனில் பிள்ளைகள் ஓயாமல் ஏதாவது கேட்பார்கள். நேற்று முன் இருக்கையில் இருந்த பொடியன், "உங்க பொண்ணுங்க என்ன பண்றாங்க?" என்றான். எப்போதும் பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவள் படிக்கிறாள் என்பேன். நேற்று ரெண்டு பேரும் படிக்கிறார்கள் என்றேன். அவனுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, என்ன என்றான். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.

அப்பா